ஒன்றரை லிட்டர் பிரேக் ஆயில்

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போதுதான் அது நடந்தது. போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். காரில் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் தாண்டிவிட்டோம். முன்னால் ஒரு வேன் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே பிரேக்கை மிதித்தபடி வந்தேன். ஒரு வளைவில் மிதித்தபோது பெடல் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல், பஞ்சு மூட்டையில் கால் வைத்த மாதிரி உள்ளே போனது. மறுபடி மிதித்தேன், இன்னும் ஆழமாகப் போனது. இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, மலைப்பக்கம் அகலமாக இருந்த இடத்தில் ஓரம் கட்டினேன். முன் சக்கரத்தருகே கருகிய நாற்றம். முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். சூடு ஆறியதும் பெடல் பழையபடி ஆகிவிட்டது. மீதி வழி முழுக்க முதல் கியரும் இரண்டாவது கியரும்தான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முழுதாகக் கேட்டுவிட்டு, "பிரேக் ஆயில் மாத்தி எத்தன வருசமாச்சு கண்ணு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. 2009 மாடல் காரை ஆறு வருஷத்துக்கு முன்னால் கைமாற்றி வாங்கினேன். எஞ்சின் ஆயிலை வருஷம் தவறாமல் மாற்றியிருக்கிறேன். பிரேக் ஆயிலைக் குறைந்தால் ஊற்றியிருக்கிறேனே தவிர, மாற்றியதே இல்லை.

ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. ஈரத்தை உறிஞ்சும் ஒரு திரவம். ரப்பர் ஹோஸ் வழியாகவும், பானெட்டுக்குள் பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவின் மூடி வழியாகவும் வருஷக்கணக்கில் ஈரம் உள்ளே போய்ச் சேருகிறது. புது டாட் 3 (DOT 3) ரக ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரம் சேர்ந்தபின் 155. மலையிறக்கத்தில் பிரேக்குக்கு வரும் சூட்டை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளோடு சேர்த்து எங்கள் கார் ஏறக்குறைய 1,000 கிலோ. அது ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். எஞ்சினும் எதிர்க்காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கியரை இறக்காமல் வந்தால் மீதி முழுவதும் பிரேக்கின் தலையில்தான். பழைய ஆயில், முன் சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் கொதித்து ஆவியாகிறது. ஆவி அமுங்கும் என்பதால் பெடல் தொய்கிறது. ஆறினால் ஆவி திரும்பத் திரவமாகிவிடுகிறது, பெடலும் ஒன்றுமே நடக்காதது போல மேலே வந்துவிடுகிறது. அப்படியே மறந்துவிட்டு அடுத்த தடவையும் மலையேறுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன், அப்பா கேட்காமல் இருந்திருந்தால்.

ஆயிலை நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன். பஞ்சர் ஒட்டுவது, பிளக் மாற்றுவது, பேட் மாற்றுவது எல்லாம் வீட்டில் செய்திருக்கிறேன். ஆயில் மாற்றி ஏர் எடுப்பது, அதாவது பிரேக் பைப்புக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, ஒரு காலை வேலைதான் என்று நினைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. அரை லிட்டர் போதும் என்று ஆரம்பித்து ஒன்றரை லிட்டர் ஆயில் போனது. கடைசியில் அந்தக் காற்று இருந்த இடம் நான் தேடிய சக்கரங்களில் எதிலுமே இல்லை.

கார் சின்னது, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாதது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வீட்டு போர்டிகோ மட்டமான தரை. ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை, தலை எதையும் நுழைக்கக் கூடாது என்பதில் அப்பா கண்டிப்பாக இருந்தார். இரண்டே ஸ்டாண்ட் என்பதால் பின்பக்கத்தைத் தூக்கி முடித்துவிட்டு அப்புறம் முன்பக்கத்தைத் தூக்குவது என்று திட்டம். இந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிதாக வரும்.

முதல் வேலையாக, ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலையும் காற்றையும் வெளியே விடத் திறக்கும் நான்கு நிப்பிள்களையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விட்டுவைத்தேன். இதில் அவசரப்பட்டு நிப்பிளின் தலையை உடைத்துவிட்டால் காலிப்பரோ, பின் டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரோ புதிதாக வாங்க வேண்டி வரும். ஸ்பேனரும் முக்கியம். வாய் திறந்த ஸ்பேனர் மூலையை மழுக்கிவிடும். ஆறு பக்கமும் பிடிக்கும் ரிங் ஸ்பேனர்தான் சரி. அதை முதலில் நிப்பிளில் மாட்டிவிட்டு, அதற்கு மேல் டியூபைச் செருக வேண்டும். டியூபின் மறுமுனை, கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மூழ்காமல் இருந்தால் பெடலை விடும்போது டியூப் வழியே காற்று திரும்பி உள்ளே போகும்.

சீட்டில் முதலில் மூத்த பையனை உட்காரவைத்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், ஆர்வம் அதிகம். "அமுக்கு" என்றால் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற வேகத்தில் பத்து தடவை அமுக்கினான். பாட்டிலில் நுரை பொங்கியது. உள்ளே இருக்கும் ஒரு பெரிய குமிழியை வேகமான மிதி பொடிப்பொடியாக உடைத்து ஆயிலோடு கலந்துவிடுகிறது. அப்புறம் அதைப் பிரித்து வெளியே கொண்டுவருவது பெரிய பாடு. கால் மணி நேரம் விட்டுவிட்டு, அப்பா சீட்டில் உட்கார்ந்தார். எங்களுக்குள் ஒரு பேச்சுமுறை வைத்துக்கொண்டோம். நான் "அமுக்குங்கப்பா" என்றால் மெதுவாக, ஒரே சீராக அமுக்குவார். பெடல் நின்றதும் "அமுக்கிட்டேன்" என்பார். நான் நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன். பெடல் கீழே போகும்போது "போகுது, போகுது" என்று சொல்வார். நான் மூடிவிட்டு "மூடிட்டேன், விடுங்க" என்றபின்தான் காலை எடுப்பார். மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை கால் மேலே வந்தாலும், அந்த ஒரு தடவையில் நிப்பிள் வழியே காற்று உள்ளே ஏறிவிடும். இரண்டு பேருமே வார்த்தையாகச் சொல்லிக்கொள்வதுதான் ஒரே வழி.

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையும் வைத்தேன். சாதாரணமாக ஓட்டும்போது பெடல் தரை வரை போவதில்லை. அதனால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் தொடாத கடைசிப் பகுதியில் வருஷக்கணக்கான அழுக்கும் துருவும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது முழுதாக அமுக்கினால் ரப்பர் வாஷர் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியலாம். பழைய வண்டியில் பிரேக் ஆயில் மாற்றியதும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று சொல்வதன் பின்னால் இதுதான் பல சமயம் இருக்கிறது.

பின்பக்கம் ஒழுங்காக முடிந்தது. முதலில் கறுப்புக் காப்பி மாதிரி வந்த ஆயில், போகப் போகத் தெளிந்தது. அதை இறக்கிவிட்டு முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, வலது காலிப்பரில் ஆரம்பித்தேன். இங்கேதான் தவறு செய்தேன். டியூபையே பார்த்துக்கொண்டிருந்தேன், டப்பாவைப் பார்க்கவில்லை. காலிப்பரின் பிஸ்டன் பெரியது. அதற்குள் பின் சக்கரத்தைவிட அதிக ஆயில் இருக்கும், அதை வெளியே தள்ளப் புது ஆயிலும் அதிகம் வேண்டும். திடீரென்று டியூபில் கடகடவென்று காற்று. ஓடிப்போய் பானெட்டுக்குள் பார்த்தால் டப்பா காலி.

அப்பா இறங்கி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பஸ்ல காத்து இல்லேன்னா பிரேக்கு புடிச்சுக்கும். இதுல காத்து இருந்தா பிரேக்கே புடிக்காது."

அவர் ஓட்டிய பேருந்துகளில் ஏறக்குறைய எட்டு பார் அழுத்தத்தில் டேங்கில் இருக்கும் காற்றுதான் பிரேக்குக்கு வேலை செய்யும். காற்று இறங்கிவிட்டால் ஸ்பிரிங் தானாகச் சக்கரத்தைப் பூட்டிவிடும். காரில் வேலை செய்வது திரவம். திரவம் அமுங்காது, அதனால்தான் காலின் அழுத்தம் சக்கரம் வரை அப்படியே போகிறது. நடுவில் காற்று இருந்தால் முதலில் அதை அமுக்கித் தீர்ப்பதற்கே பெடல் செலவாகும். எவ்வளவு செலவாகும் என்பது தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கன சென்டிமீட்டர் காற்றை அமுக்க பிஸ்டன் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக நகர வேண்டும். பெடல் அதைப்போல நாலு மடங்கு நகரும். அதாவது ஒரு புளியங்கொட்டை அளவு காற்றுக்குப் பெடல் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் கீழே போகிறது.

சரி, டப்பாவை நிரப்பி வலது காலிப்பரில் மறுபடி ஏர் எடுத்தேன். குமிழி நின்றது. இடது காலிப்பரையும் முடித்தேன். பெடலை மிதித்தால் பாதிக்கு மேல் உள்ளே போய், அங்கேயும் ரப்பர் மாதிரி நின்றது. மறுபடி வலது, மறுபடி இடது. அரை லிட்டர் தீர்ந்தது, பொழுதும் சாய்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கையால் இழுக்கும் வேக்குவம் பம்ப் ஒன்று வாங்கிவிட்டேன். ஆள் உதவி இல்லாமலே ஏர் எடுக்கலாம் என்பது அதன் வசதி. நிப்பிளில் மாட்டி இழுத்தால் டியூபில் வரிசையாகக் குமிழி. இழுக்க இழுக்க வருகிறது, நிற்கவே இல்லை. இவ்வளவு காற்று உள்ளே எப்படி இருக்கும் என்று யோசிக்காமல் இன்னொரு அரை லிட்டரை இழுத்துத் தள்ளினேன். பாதி மதியத்துக்கு மேல்தான் புரிந்தது. நிப்பிளைத் திறந்தவுடன் அதன் மரை வழியே வெளிக்காற்றை பம்ப் உறிஞ்சிக்கொண்டிருந்தது. நான் பார்த்தது பைப்புக்குள் இருந்த காற்றே இல்லை. பெடலால் தள்ளும்போது உள்ளே அழுத்தம் இருப்பதால் மரை வழியே ஆயில் கசியுமே தவிர காற்று நுழையாது. வேக்குவத்தில் அது தலைகீழ். மரையின் மேல்பக்கம் கிரீஸ் தடவலாம், டெஃப்லான் டேப் சுற்றலாம் என்பார்கள். டேப்பின் பிசிறு நிப்பிளின் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும் என்ற பயத்தில் நான் செய்யவில்லை. பம்பை எடுத்துவைத்துவிட்டு அப்பாவையே கூப்பிட்டேன். டியூபில் ஒரு குமிழிகூட வரவில்லை. பெடலும் மாறவில்லை.

அன்று அப்பா சொன்ன ஒரு விஷயத்தை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். "மொதல்ல அது காத்துதானான்னு பாரு. அப்புறம் எங்க இருக்குன்னு பாரு. நீ பாட்டுக்கு ஆயில ஊத்திக்கிட்டே இருந்தா எப்படி?" பெடல் தொய்ந்தால் ஏர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அதே தொய்வுக்கு நாலைந்து காரணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்க வழியும் இருக்கிறது. அன்று மாலை ஸ்பேனரையே தொடாமல் அதைத்தான் செய்தோம்.

முதலில், எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு தடவை மிதித்து, காலின் அழுத்தத்தைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவத்தைக் காலி செய்தோம். அப்புறம் பெடலை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்தார் அப்பா. பெடல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கேயோ ஆயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே நழுவுகிறது. எங்களுடையது இறங்கவில்லை. ஹோஸ் இணைப்புகள், வீல் சிலிண்டரின் ரப்பர் மூடி, மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடம் எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை.

அடுத்தது, விட்டு விட்டு இரண்டு மூன்று தடவை மிதிப்பது. முதல் மிதியில் ஆழமாகப் போன பெடல் மூன்றாவது மிதியில் மேலே நின்றது. காற்று இருந்தாலும் இப்படி ஆகும். பின் டிரம்மில், உள்ளே விரிந்து உரசும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாக இருந்தாலும் இப்படியேதான் ஆகும். ஷூ டிரம்மைத் தொடுவதற்கே முதல் மிதி முழுக்கச் செலவாகிவிடுகிறது. சந்தேகத்துக்குப் பின் சக்கரங்களைத் தூக்கி டிரம்மைக் கழற்றினேன். தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டிய அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் தூசியில் இறுகிக் கிடந்தது. கழற்றிச் சுத்தம் செய்து, சக்கரத்தைச் சுற்றினால் லேசாக உரசுகிற அளவுக்கு ஷூவை விரித்து வைத்தேன். ஷூ தூசியை ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும், மூச்சில் போகும். அன்று பின்பக்கம் தூக்கியிருந்தும் ஏர் எடுக்கவில்லை என்பதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எடுத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். எப்படியோ, பெடல் இரண்டு விரல்கடை உயர்ந்துவிட்டது. ஆனால் அந்த ரப்பர் மாதிரியான தொய்வு போகவில்லை. பெடல் கீழே போகிறதா, தொய்வாக இருக்கிறதா என்பதைக் கால் பிரித்து உணர வேண்டும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். ஷூ இடைவெளி பெடலைத் தாழ்த்தும், ஆனால் கடைசியில் அது கெட்டியாகவே நிற்கும். காற்று இருந்தால் நிற்கும் இடத்திலும் மெத்தென்று இருக்கும்.

மூன்றாவது ஞாயிறு, காற்று இருக்கிறதா என்பதை நேராகப் பார்த்துவிடும் ஒரு சோதனை. டப்பா மூடியைக் கழற்றி, பெயின்ட்டில் தெறிக்காதபடி சுற்றிலும் பழந்துணி போட்டேன். கண்ணுக்குக் கண்ணாடி. அப்பா பெடலை இருபது தடவை வேகமாக மிதித்துக் கடைசி மிதியில் அழுத்திப் பிடித்தார். நான் டப்பாவைத் தள்ளி நின்று பார்க்க, "விடுங்க" என்றதும் படக்கென்று காலை எடுத்தார். டப்பாவுக்குள் ஆயில் ஊற்றுபோல எழும்பியது. உள்ளே காற்று இல்லையென்றால் ஆயில் லேசாக அசைவதோடு சரி. காற்று இருந்தால் அது அமுங்கிய ஸ்பிரிங் மாதிரி விரிந்து, ஆயிலை டப்பாவுக்குள் திருப்பித் தள்ளும். காற்று இருப்பது உறுதியாகிவிட்டது. இனி எங்கே என்பதுதான்.

அதற்கு ஹோஸை அடைத்துப் பார்க்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் போகும் ரப்பர் ஹோஸை ஒவ்வொன்றாகக் கிளாம்ப் போட்டு நசுக்கி வைத்துப் பெடலை மிதித்தால், ஆயில் மாஸ்டர் சிலிண்டரையும் இரும்புப் பைப்பையும் தாண்டிப் போக வழியில்லை. அப்போது பெடல் கல் மாதிரி மேலேயே நிற்க வேண்டும். நின்றால் ஒவ்வொரு கிளாம்பாக எடுத்துக்கொண்டே வரலாம். எதை எடுத்ததும் பெடல் தொய்கிறதோ, அந்தச் சக்கரத்தில் காற்று. இதற்கென்றே முனை உருண்டையான கிளாம்ப் கடையில் கிடைக்கிறது. கட்டிங் பிளேயரால் நசுக்கினால் ஹோஸின் உள்சுவர் கிழிந்துவிடும், வெளியே தெரியவும் தெரியாது. வெடிப்பு விட்ட ஹோஸில் கிளாம்பே போடக் கூடாது, ஹோஸைத்தான் மாற்ற வேண்டும். என் ஹோஸ்களில் வெடிப்பு இல்லை, அதனால் துணிந்தேன்.

நான்கையும் அடைத்தோம். அப்பா மிதித்தார். "அப்படியேதான் இருக்கு கண்ணு" என்றார்.

இறங்கிவந்து நானே மிதித்துப் பார்த்தேன். அதே மெத்து. நான் மூன்று வாரமாகத் தண்டித்துக்கொண்டிருந்த முன் காலிப்பர்களில் காற்றே இல்லை. டப்பா காலியான அன்று காற்று நுழைந்தது மாஸ்டர் சிலிண்டருக்குள். அது அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது. காலிப்பரில் வேலை செய்யும்போது காலியானதால் காலிப்பரில்தான் காற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன். காற்று போனது டப்பாவின் பக்கத்திலிருந்து.

ஆனால் அதற்கப்புறம் அரை லிட்டருக்கு மேல் ஆயில் அதே வழியாகப் போயிருக்கிறதே, ஏன் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு போகவில்லை? பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கிறது, அதன் முன்முனை கொஞ்சம் மேலே தூக்கியிருக்கிறது. அதற்கு மேல், முன்பக்கத்தை நான் ஸ்டாண்டில் ஏற்றியிருக்கிறேன். வண்டியே மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. காற்று எப்போதும் உயரமான இடத்தைத்தான் தேடும். இந்த நிலையில் உயரமான இடம், சிலிண்டரின் அடைபட்ட முன்முனை. பைப் கிளம்பும் துளை அதற்குப் பின்னால், கொஞ்சம் தாழ்வில். ஆயில் துளை வழியாக ஓடிக்கொண்டே இருக்கிறது, குமிழி மூலையில் ஒதுங்கிக்கொண்டு அமுங்குவதும் விரிவதுமாக இருக்கிறது. மூன்று வாரமும் முன்பக்கம் தூக்கியே முன் சக்கரத்தில் ஏர் எடுத்ததால், அதற்கு வெளியேற வழியே நான் கொடுக்கவில்லை.

முன்பக்கத்தை இறக்கிவிட்டுப் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்தோம். மாஸ்டர் சிலிண்டரின் முன்முனை இப்போது கொஞ்சம் கீழே பார்த்தது. பத்து நிமிஷம் சும்மா விட்டேன். அப்புறம் ஏர் எடுத்தது சக்கரத்தில் இல்லை, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் பைப்பின் நட்டிலேயே. இந்த நட்டுகள் மென்மையானவை. பைப் நட்டுக்கென்றே பக்கவாட்டில் பிளவு விட்ட ரிங் ஸ்பேனர் இருக்கிறது, அது இல்லாமல் தொட வேண்டாம். நட்டைச் சுற்றித் துணி சுற்றினேன். அப்பா மெதுவாக அமுக்கினார். நட்டை அரைச் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தியதும் புஸ்ஸென்று ஒரு சத்தம். அவ்வளவு நாளும் அந்தச் சத்தம் எங்கேயும் வரவில்லை. நட்டை இறுக்கி, "விடுங்க" என்றேன். இரண்டாவது தடவை நுரையும் ஆயிலுமாக வந்தது. மூன்றாவது தடவை வெறும் ஆயில். அடுத்த பைப்பிலும் அதேபோல. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் டப்பாவைப் பார்த்தேன். இப்போது அந்த வேலைக்கென்று பையனை டார்ச்சோடு நிறுத்திவிட்டேன். பாதிக்குக் கீழே போனால் குரல் கொடுப்பது அவன் பொறுப்பு.

கடைசியாக நான்கு சக்கரத்திலும் ஒரு சுற்று. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தள்ளிய துணுக்குக் காற்று பைப்பில் போயிருக்கும், அதனால் இந்தச் சுற்றை விட முடியாது. எந்தச் சக்கரத்தில் ஆரம்பிப்பது என்பதற்கு, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து கிட்டத்துக்கு என்பதுதான் பழைய வழக்கம். குறுக்காகப் பிரித்த அமைப்பில், அதாவது ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் ஒரே இணைப்பில் இருக்கும் வண்டிகளில், கம்பெனி கையேட்டில் வேறு வரிசை சொல்லியிருக்கலாம். கையேட்டில் உள்ளதுதான் சரி. ஏபிஎஸ் இருக்கும் வண்டியில் அந்த யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால், ஸ்கேனர் வைத்து அதன் வால்வுகளை இயக்கித்தான் பல வண்டிகளில் எடுக்க முடியும். அப்படிப்பட்ட வண்டியில் டப்பா காலியாகிவிட்டால் வீட்டில் போராடாமல் மெக்கானிக்கை வரவழைப்பதுதான் நல்லது.

நிப்பிள்களை அளவாக இறுக்கி, தூசி போகாமல் ரப்பர் மூடி போட்டு, ஆயில் பட்ட இடமெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும், ஆனால் உடனே தண்ணீர் விட்டால் கரைந்து போய்விடும். காலிப்பரிலும் டிஸ்க்கிலும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துடைத்தேன். டப்பாவின் ஊற்றுச் சோதனையை மறுபடி செய்தோம். ஆயில் லேசாகச் சிணுங்கியது, அவ்வளவுதான்.

பெடலை மிதித்ததும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி, என்னை உட்காரச் சொன்னார். கால் வைத்த இடத்தில் கெட்டியாக நின்றது. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் பூஸ்டர் வேலை செய்து பெடல் கொஞ்சம் இறங்கியது. அது இறங்கத்தான் வேண்டும், அதைத் தொய்வு என்று நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. கேட்டுக்குள்ளேயே பத்தடி முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்திப் பார்த்தோம். அப்புறம் ஆளில்லாத தெருவில் நடை வேகம், அதற்கப்புறம் இருபது. ஹேண்ட் பிரேக்கின் மேல் கை இருந்துகொண்டே இருந்தது. ஒரு வாரம் கழித்து நிப்பிள்களையும் பைப் நட்டுகளையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை. பிரேக் எனும்போது இந்த ஒரு வாரச் சோதனையை நான் கட்டாயம் என்றே சொல்வேன். இரண்டு தடவை முயன்றும் பெடல் நம்பிக்கை தரவில்லையென்றால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்ஷாப்புக்குக்கூடப் போக வேண்டாம். கயிறு கட்டி இழுத்துப் போகவும் வேண்டாம், அதற்கும் பின்வண்டியில் பிரேக் வேண்டும். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

கடையில் வாங்கிய மூன்றாவது அரை லிட்டர் ஆயில் டப்பாவில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மூடி வைத்தால் அடுத்த தடவைக்கு ஆகும் என்று அம்மா எடுத்துவைக்கப் போனார். திறந்த டப்பாவில் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும் என்று சொல்லி, பாட்டிலில் பிடித்த பழைய ஆயிலோடு சேர்த்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிட்டேன். சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை. ஆயில் மாற்றிய மாதத்தையும் வருஷத்தையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி, பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து மறுபடி மாற்ற வேண்டும்.

பிப்ரவரியில் மறுபடி ஏற்காடு போனோம், இந்தத் தடவை அப்பாவும் வந்தார். இறங்கும்போது முன்சீட்டில் அவர். "எந்தக் கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்கு" என்று மேலேயே சொல்லிவிட்டார். இரண்டாவது கியரில் எஞ்சின் உறுமிக்கொண்டே வந்தது. வளைவுக்கு முன்னால் ஒரு தடவை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுதாக எடுத்துவிட்டேன். டிசம்பரில் ஓரம் கட்டிய இடம் வந்தபோது, நிறுத்தச் சொன்னார். இறங்கி முன் சக்கரத்தருகே குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ம், போலாம்" என்று ஏறி உட்கார்ந்தார்.